கணினிக்குப் பிடித்த சனி

மணிவண்ணன் தலைக்கு எண்ணெய் தேய்க்காமல் வாசற்படி தாண்டியவர் அல்லர். மரக்காணம் கடைத்தெருவிலுள்ள உரக்கடை ஒன்றில் ரசீது போடும் பணியில் இருந்த அவர், நாள்தோறும் குளித்து முடித்ததும் உள்ளங்கை குழியத் தேங்காயெண்ணெய் வார்த்து, உச்சியில் வைத்து, அது காதோரம் வழியும் வரையில் தேய்ப்பார். பின்னர்ச் சமையலறைக்குள் சென்று எரிவாயு உருளையின் திருகைத் தொட்டுப் பார்ப்பார். தெருமுனை வரை போனவர், ஐயம் தீராமல் திரும்பி வந்து, அதை இறுக மூடிவிட்டுச் செல்வார். அடுப்பின்மேல் சோறு பாதி வெந்துகொண்டிருக்கும் என்பது அவருக்கு ஒரு பொருட்டன்று.

"என்னங்க, உலை கொதிச்சிக்கிட்டு இருந்துச்சு" என்பாள் அவர் மனைவி ரேகா.

"பாதுகாப்பு முக்கியம்" என்பார் அவர்.

எதையும் தாமே குனிந்து பார்த்தால்தான் அவருக்கு மனம் ஆறும். ஆகவே, ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், வீட்டுக் கணினி நடுவேலையில் உறைந்து நின்றுவிட்டது என்று ரேகா கூவியபோது, உண்ட கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலை. வட்டம் சுத்திக்கிட்டே இருக்குது."

"நேத்தும் இப்படித்தானா?"

"நேத்து சுத்தினது இன்னும் நிக்கலைன்னு நினைக்கிறேன்."

ரேகா முன்னர்ப் புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள். அக்கடையில் வாங்க வந்தவர்கள் உட்காரலாம், விற்பவர்கள் உட்காரலாகாது. ஐந்தாறு ஆண்டுகளில் அவளுடைய கெண்டைக்கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டன. அப்பொழுதுதான் சென்னை நிறுவனம் ஒன்று, காப்பீட்டு விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றும் வேலையை, வீட்டிலிருந்தே செய்யும்படி அவளுக்குத் தந்தது. பயிற்சிக் காலம் முடியும் வரை வேலை நிலையில்லை. முடிந்தால் நிரந்தரம், தவறினால் மறுபடியும் துணிக்கடை, மறுபடியும் நிற்றல். உட்கார்ந்து சம்பாதிக்கும் இந்த ஒரு வாய்ப்பு, அந்தப் பழைய கணினியின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது.

நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஆரோக்கியசெல்வி, தொலைபேசியில் மிக மென்மையாகப் பேசுபவர். அம்மென்மையே ரேகாவுக்கு அச்சம் தந்தது.

"ரேகா, நீங்க டைப் பண்றதுல தப்பே இல்லைங்க. ஆனா பாதி நேரம் நீங்க ஆன்லைன்லயே இல்லை."

"இருக்கேன் மேடம். கம்ப்யூட்டர்தான் இல்லை."

"எனக்குப் புரியுதுங்க. ஆனா சிஸ்டத்துக்குப் புரியாது."

இந்தச் செய்தி வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரியலாகாது என்று கணவனும் மனைவியும் முடிவுசெய்தனர். அவர் மணிவண்ணனின் தந்தை பக்கிரி. உப்பளத்தில் உவர்நீர் இறைக்கும் இஞ்சினை ஓட்டி ஓய்ந்தவர். ஓய்ந்த பின்னும் விடிந்ததும் இஞ்சின் கொட்டகைக்குப் போய், புதிதாக வந்தவன் அதை எப்படியெல்லாம் கெடுக்கிறான் என்று பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, மதியச் சோற்றுக்குத்தான் வீடு திரும்புவார். பளபளக்கும் வழுக்கைத் தலையர், அதிகம் பேசாதவர். கொல்லை முடிகிற இடத்தில் உப்பளம் தொடங்கும் அந்தத் தெருவில், அவர் வீட்டுக் கதவு ஒன்றுதான் கிரீச்சிடாமல் திறக்கும். அப்படிப்பட்டவர் மருமகளைப் பற்றி மட்டும் உப்பளம் முழுவதும் பேசிவைத்திருந்தார்.

"எங்க மருமவ வூட்லேர்ந்தே மெட்ராஸ் ஆபீஸ நடத்துது" என்று பாத்தியில் நிற்பவர்கள் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

அத்தகைய பெருமையைக் குலைக்க யாருக்கு மனம் வரும்? மாலைதோறும் அவர் கேட்பார்:

"மெஷின் எப்பிடிம்மா ஓடுது?"

"ஜோரா ஓடுது மாமா" என்பாள் ரேகா.

"ஓடும். ஓடாம எங்க போவும்" என்று சொல்லி, அவர் தம் கயிற்றுக் கட்டிலுக்குப் போய்விடுவார்.

மறுநாள் காலை, பக்கிரி உப்பளம் சென்ற பின், கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் தமிழரசன் வந்தான். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான். மணிவண்ணனும் அவன் தோளுக்கு மேலே எட்டிக் குனிந்து பார்த்தார்.

"மெமரி பத்தலைண்ணா."

"அப்படின்னா?"

தமிழரசன் உள்ளூர்ப் பையன். விளங்க வைக்கத் தெரிந்தவன். "மெமரின்றது உப்புப் பாத்தி மாதிரி. டிஸ்க்குன்றது வாரிக் குவிச்சு வெச்ச அம்பாரம். அம்பாரம் மலையாட்டம் இருக்கலாம், ஆனா வேலை நடக்கறது பாத்தியிலதானே? உங்க பாத்தி கையகலம்தான் இருக்குது. அக்கா அதுல கடலையே உடறாங்க."

மணிவண்ணனுக்கு உடனே விளங்கிற்று. புதிய நினைவக அட்டை ஒன்று வாங்கப்பட்டது. தமிழரசன் அதைப் பொருத்தினான். தொடங்கும்போதே ஓடத் துவங்கும் வேண்டாத மென்பொருள்களையும் நிறுத்தினான். பொருத்துகிற நேரமெல்லாம் மணிவண்ணன் குனிந்தே இருந்தார். கணினி, காலில் கட்டியிருந்த கயிறு அறுந்த கன்றைப்போல் துள்ளி எழுந்தது.

"மூடி வேணாம்ணா, தொறந்தே இருக்கட்டும். உங்க வூட்டுச் சூட்டுக்கு உள்ள காத்து போனாத்தான் நல்லது" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அவ்வாரம் முழுவதும் ரேகா பறந்தாள். ஆரோக்கியசெல்வி பாராட்டிப் பேசினார். வெள்ளிக்கிழமை மாலை, பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையோடு வழக்கம்போல் அம்மன் கோயிலுக்குப் போன ரேகா, அம்மனுக்கு நன்றி கூறித் திரும்பினாள்.

சனிக்கிழமை காலை பொத்தானை அழுத்தினாள். பெட்டி நீளமாக ஓலமிட்டது. திரை இருண்டே இருந்தது.

தமிழரசன் ஓடிவந்தான். நினைவக அட்டையை உருவி, அதன் விளிம்பிலிருந்த பொன்னிறப் பற்களை விரலால் தடவினான். பிறகு விரலை முகர்ந்தான். பிறகு மணிவண்ணனின் தலையைப் பார்த்தான்.

"அண்ணா, தலைக்கு என்னா எண்ணெய் வெக்கறீங்க?"

"தேங்காயெண்ணெய். ஏன்?"

"மெமரியும் அதான் வெச்சிருக்குது."

ரேகா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு தமிழரசன் வேலை செய்யும்போது நீங்க தலையை உள்ளயே விட்டுக்கிட்டு நின்னீங்க."

"எட்டத்தான் நின்னேன்."

"சொட்டியிருக்குது" என்றாள் ரேகா.

தமிழரசன் பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்து அந்தப் பற்களைத் துலக்கி மறுபடியும் பொருத்தினான். கணினி உயிர்பெற்றது. ஆனால் அன்றிலிருந்து, இந்த வீட்டில் கணினி இருக்கும் வரை தம் தலையில் எண்ணெய் படாது என்று மணிவண்ணன் உறுதி பூண்டார். முப்பது ஆண்டுப் பழக்கத்தை மனைவியின் கெண்டைக்காலுக்காகத் துறந்தார் என்றால் அது சிறு தியாகம் அன்று.

வறண்ட தலையோடு கடைக்குப் போன அவரைக் கண்டு வாடிக்கையாளர் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"வூட்ல ஏதாவது துக்கமாங்க?"

"இல்லைங்க. கம்ப்யூட்டர்."

"அடப்பாவமே. என்னா வயசு?"

கண்கள் எரிந்தன, தலை பற்றி எரிந்தது, ரசீதில் யூரியாவுக்குப் பதில் பொட்டாஷ் என்று எழுதினார். ஆயினும் பொறுத்தார்.

அடுத்த சனிக்கிழமையும் கணினி தடுமாறிற்று. இம்முறை ஓலமிடவில்லை, தொடங்கிற்று, நின்றது, தொடங்கிற்று, நின்றது. உள்ளே விசிறி முனகிற்று. அவ்வாரம்தான் மணிவண்ணன், பழைய டிஸ்க்கை நீக்கி வேகமான எஸ்எஸ்டி ஒன்றையும் போடச் செய்திருந்தார். அம்பாரத்தையே மாற்றியாயிற்று, இனிப் பாத்தி எப்படி நிற்கும் என்று நம்பியிருந்தார்.

தமிழரசன் கைவிளக்கை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"எறும்புண்ணா."

"எறும்பா?"

"சாரி சாரியா போவுது. ஏதோ தின்ற பொருள் உள்ள விழுந்திருக்குது."

இம்முறை மணிவண்ணன் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். அவர் வறண்ட தலையில் ஒரு நியாயம் நிமிர்ந்து நின்றது.

"முறுக்கு" என்றார்.

"நான் கீழே சிந்தறதில்லை."

"நானும் சொட்டறதில்லைன்னுதான் சொன்னேன்."

"எண்ணெயும் முறுக்கும் ஒண்ணாங்க?"

"முறுக்கே எண்ணெயிலதான் வேகுது."

அதன்பின் ரேகா மேசையருகே தின்பண்டம் எடுத்துவரலாகாது என்று விதி பிறந்தது. அவள் தேநீரைக்கூடச் சமையலறையில் நின்றுகொண்டே குடித்தாள். நிற்க வேண்டாம் என்பதற்காகத் தேடிய வேலையில் நின்றுகொண்டு தேநீர் குடிக்க நேர்ந்ததை எண்ணி, ஒரு நாள் வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாள் சிரிப்பு வரவில்லை. மணிவண்ணன் கணினியைச் சுற்றித் தரையில் எறும்பு மருந்துச் சாக்பீசால் தடித்த வட்டம் வரைந்தார். மாலையில் அதைக் கண்ட பக்கிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"கோலமெல்லாம் போட்டு நல்லாதான் வெச்சிருக்கீங்க. மெஷின் எப்பிடிம்மா ஓடுது?"

"ஜோரா ஓடுது மாமா."

"ஓடும். ஓடாம எங்க போவும்."

மூன்றாவது வாரத்தின் நடுவில் வீட்டினுள் மற்றொரு குழப்பம் மூண்டது. குளியலறை மாடத்திலிருந்த எண்ணெய்ச் சீசாவைக் கையில் ஏந்தியபடி ரேகா வந்தாள்.

"என்னங்க, தலைக்கு எண்ணெய் வெக்கறதை விட்டுட்டீங்கதானே?"

"பாத்தா தெரியலை?"

"இது புதுச்சீசா. பாதி இல்லை."

"நீ வெச்சிருப்பே."

"நான் வெக்கறது எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். கடையில போய் வெச்சிக்கறீங்களா?"

"ஏம்மா, கடையில வெச்சிக்க அது என்ன பீடியா?"

ரேகா நெருங்கி வந்து அவர் உச்சந்தலையை முகர்ந்தாள். உர வாசனைதான் வந்தது. மாமனாரைக் கேட்கலாம் என்றால் அவர் தலையில் எண்ணெய் வைப்பதற்கு மயிரே இல்லை. சீசாவை ஒளியில் தூக்கிப் பார்த்து, ஐயத்தோடு மாடத்தில் வைத்தாள். அன்றிலிருந்து மணிவண்ணன் குளிக்கப் போகும்போதெல்லாம் அவள் காது குளியலறைப் பக்கமே இருந்தது. செய்யாத குற்றத்துக்கு ஆளான மணிவண்ணன், குளியலறையில் உரக்கப் பாடி, தம் கைகள் வேறு வேலையில் உள்ளன என்பதை அறிவித்தார்.

அந்தச் சனிக்கிழமையும் கணினி நின்றது. செய்தி கேட்டு வந்த பாஞ்சாலை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"சனிக்கெழம சனிக்கெழம நிக்குதுன்னா இதுல யோசிக்க இன்னா இருக்குது? அதுக்குச் சனி புடிச்சிருக்குது."

"கம்ப்யூட்டருக்கா?" என்றார் மணிவண்ணன்.

"ஏன், அதுக்கு மட்டும் கெரகம் தனியாவா சுத்துது? கிளியனூர்ல எங்க நாத்தனா வூட்டு போர் மோட்டாருக்கு இப்பிடித்தான் இருந்துச்சு. எள்ளு விளக்கு போட்டாங்க. இன்னி வரைக்கும் தண்ணி கொட்டுது."

மணிவண்ணன் அறிவியலில் நம்பிக்கை உள்ளவர். ஆதலின், யாரும் பார்க்காத வேளை பார்த்துச் சிவன் கோயிலுக்குப் போய்ச் சனி பகவானுக்கு எள் விளக்கு ஏற்றினார். தம் தலைக்கு இல்லாத எண்ணெயைச் சனியின் காலடியில் அளந்து அளந்து ஊற்றினார்.

திரும்பி வந்தபோது தமிழரசன் பெட்டிக்குள்ளிருந்து எதையோ இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தான். விசிறியின் இதழிடையே சிக்கியிருந்த பழுப்புநிறத் துணுக்கு அது.

"இறகுண்ணா. கோழி இறகு."

மூவரும் ஏககாலத்தில் பாஞ்சாலையைப் பார்த்தனர். அத்தெருவில் கோழி வளர்ப்பவள் அவள் ஒருத்தியே. அவளுடைய பழுப்புக் கோழி, வீடு வாசல் பாராமல் நுழையும் இயல்புடையது.

"இன்னாடா பாக்கறீங்க?" என்றாள் பாஞ்சாலை.

"அக்கா, கோழியைக் கொஞ்சம் கட்டி வெச்சீங்கன்னா..." என்று மணிவண்ணன் பணிவாகத் தொடங்கினார்.

"எங்க கோழி முட்ட போடவே சோம்பப்படும். அது வந்து உங்க வூட்ல கம்ப்யூட்டர் தட்டுதா?"

"தட்டுதுன்னு சொல்லலைக்கா. உள்ள பூந்திருக்குது."

"இம்மாத்தூண்டு சந்துலயா? அது இன்னா கோழியா, பாம்பா? சனி புடிச்சிருக்குதுன்னு நல்லது சொல்ல வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

அன்றுமுதல் பாஞ்சாலை அவ்வீட்டாரோடு பேசுவதை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கும் தனியே போவதாகத் தெருவுக்கே அறிவித்தாள். மணிவண்ணன் பெட்டியின் திறந்த பக்கத்தில் கொசுவலைத் துணியைத் தொங்கவிட்டார். குளிர்ச்சிக்காக அதை நோக்கி மேசை விசிறி ஒன்றைத் திருப்பி வைத்தார். அவ்விசிறி, சன்னல் வழியே வந்த உப்புத்தூசியை எல்லாம் திரட்டி உள்ளே அனுப்பியது. கணினி முன்னிலும் விரைவாகச் சோர்ந்தது.

திங்கட்கிழமை ஆரோக்கியசெல்வி அழைத்தார். குரல் எப்போதையும்விட மென்மையாக இருந்தது.

"ரேகா, வர்ற சனிக்கிழமையோட உங்க டிரெயினிங் முடியுதுங்க. அன்னிக்கு முழுநாளும் லைவ்ல பாப்பாங்க. ஒரு தடவை கட் ஆனாலும் அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்க. என் கையில இல்லைங்க."

"சனிக்கிழமையா மேடம்?"

"ஆமாங்க. ஏன்?"

"இல்லைங்க மேடம். சும்மா கேட்டேன்."

அன்று பிற்பகல், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து துணிக்கடையின் சீருடைச் சேலையை எடுத்து ரேகா கொடியில் உலர்த்தினாள். சோறுண்டுவிட்டு வெளியே வந்த பக்கிரி அதைப் பார்த்து நின்றார்.

"இது இன்னாத்துக்கும்மா இப்போ?"

"பூச்சி அரிச்சிடும்னு வெயில்ல போட்டேன் மாமா."

"மெஷினு..."

"ஜோரா ஓடுது மாமா."

பக்கிரி இம்முறை உடனே கட்டிலுக்குப் போகவில்லை. மருமகள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "ஓடும். நான் பாத்துக்கறேன்" என்றார். கிழவர் அன்பால் சொல்லும் சொல் என்றெண்ணி ரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் காலைக்குள் கணினியை எப்படியும் நிமிர்த்திவிட வேண்டும் என்று, மணிவண்ணன் கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு மாலையிலேயே தமிழரசனை அழைத்து வந்தார். ரேகா கோயிலுக்குப் போகவில்லை. சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமிழரசன் அன்று ஒரு முடிவோடு வந்திருந்தான். ஒவ்வொரு உறுப்பையும் கழற்றினான். விசிறியைத் தூரிகையால் துடைத்தான், அட்டைகளைத் துலக்கினான், புதிதாக ஒரு நினைவக அட்டையும் சேர்த்தான். பொத்தானை அழுத்தியதும், கண்ணிமைக்கும் முன் திரை மலர்ந்தது.

"இன்னிக்கு மூடியையே மாட்டிடறேண்ணா. கொஞ்சம் சூடானாலும் பரவால்ல. எறும்பு, கோழி, உப்பு, உங்க தலை, எதுவும் உள்ள போவாது. நாளைக்கும் நின்னுச்சுன்னா இந்தத் தொழிலை உட்டுட்டு நான் உப்பு வாரப் போறேன்."

மூடியை எடுத்துப் பெட்டியோடு பொருத்தி, திருகாணி ஒன்றைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு, மற்றொன்றை முடுக்கலானான். அப்பொழுது பின்கட்டிலிருந்து பக்கிரி வந்தார். கூட்டத்தைப் பார்த்து வாயிலில் நின்றார். பிறகு அமைதியாகச் சொன்னார்:

"ஏம்பா தம்பி, மூடிய மாட்டிடாத. இன்னிக்கு வெள்ளிக்கெழம. நான் இன்னும் அதுக்கு எண்ணெ உடல."

அவருடைய இடக்கையில் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதில் பாதிக்குத் தேங்காயெண்ணெய். வலக்கையில், நுனி நனைந்த ஒரு பழுப்புநிறக் கோழி இறகு.

தமிழரசன் வாயிலிருந்த திருகாணி தரையில் விழுந்து உருண்டு, எறும்பு மருந்து வட்டத்துக்குள் போய் நின்றது.

பக்கிரி தம் பாட்டுக்குத் தொடர்ந்தார்.

"கடல் உப்புக்காத்துல அத்தத் தொறந்து போட்டுட்டீங்க. உள்ள பூரா இரும்பும் கம்பியும். படிச்சவங்க மூணு பேர் இருக்கீங்க, ஒருத்தருக்கும் தோணல. மெஷின் எண்ணெதான் உடலாம்னு பாத்தேன். அது நாறும். மருமவ மூஞ்சிக்கு நேரா இருக்கற பொருளாச்சே. அதான் வூட்டு எண்ணெயவே எடுத்துக்கினேன். மருமவ கோயிலுக்குப் போயிருக்கறப்போ, கதவுக்கெல்லாம் உட்டுட்டு இதுக்கும் பதமா ஒரு தடவு. தெனமும் கேக்கறேன். ஜோரா ஓடுதுன்னுதான் அது சொல்லுது."

ரேகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது ஐயம்.

"தாத்தா, அதுல எண்ணெய் உட்டா..." என்று தமிழரசன் வாயைத் திறந்தான். மணிவண்ணன் மேசைக்கடியில் அவன் காலை அழுத்தி மிதித்தார்.

"உட்டா?" என்று கேட்டார் பக்கிரி.

"உட்டா... துரு புடிக்காது தாத்தா" என்றான் அவன், வலி பொறுத்து.

"பாத்தியா? தெரிஞ்ச புள்ள."

மணிவண்ணன் தந்தையைப் பார்த்தார். ஒரு நாளும் நிற்காத இஞ்சினை ஓட்டிய அந்தக் கைகள், மருமகளின் மெஷினும் நிற்கலாகாது என்று எண்ணெயில் தோய்ந்திருந்தன. பிறகு மனைவியைப் பார்த்தார். நாளை காலை பாஞ்சாலை வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். கோழியிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தரையில் கிடந்த திருகாணியை எடுத்துத் தமிழரசன் கையில் வைத்து, மூடியைக் கண்ணால் காட்டினார். அவன் முடுக்கினான்.

"அப்போ இன்னிக்கு எண்ணெ?" என்றார் பக்கிரி, இறகை உயர்த்தியபடி.

மணிவண்ணன் எழுந்து போய் அவர் கையிலிருந்த கொட்டாங்கச்சியை மெல்ல வாங்கிக்கொண்டார். தம் வறண்ட தலையை ஒருமுறை தடவினார்.

"இடுப்பை வளைச்சிக் கஷ்டப்படாதீங்கப்பா. நீங்க கதவுக்கு விடுங்க. இனிமே வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டருக்கு மட்டும் நானே விட்டுக்கறேன்."